தோட்டத்து மீன் குட்டையில் நீரின் வெப்பநிலை: கம்பியில்லா வெப்பமானியைப் பயன்படுத்தும் முறை

புதுக்கோட்டை மாவட்டம் ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் ஊருணிகளையும் கொண்டதாகும். 1974-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14-ஆம் நாள் திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பிரித்து இம்மாவட்டம் அமைக்கப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே மழைக்காலத்தில் கண்மாயில் பெருகிய மீனைக் கோடையில் நீர் வற்றும்போது ஊரார் ஒன்றுகூடி ஊத்தாவும் வலையும் கொண்டு பிடிப்பது இங்கு வழக்கம். இந்த மீன்பிடித் திருவிழாவை வெறும் கொண்டாட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. முழங்கால் அளவு நீர் சித்திரை வெயிலில் சூடேறத் தொடங்கினால் மீன் தானே செத்து மிதக்கும். அதற்கு முன் பிடித்து ஊருக்கெல்லாம் பங்கிட்டுக் கொள்வதில் பெரியோர்களின் நல்ல கணக்கு அடங்கியிருக்கிறது.

தோட்டத்துக் குட்டையில் மீன் வளர்ப்பவர் இவ்வாறு செய்ய இயலாது. ஐப்பசி, கார்த்திகையில் விட்ட குஞ்சு முக்கால் கிலோ, ஒரு கிலோ எடைக்கு வர எட்டு முதல் பத்து மாதங்கள் ஆகும். அக்கினி நட்சத்திரத்தையும், அதற்குப் பின் ஆடி, ஆவணியில் மாலை நேரத்தில் கொட்டும் இடிமழையையும் அந்த மீன் குட்டையிலேயே கடந்தாக வேண்டும். பத்து மாதம் தீனி போட்டு வளர்த்த மீன் ஒரே விடியற்காலையில் மொத்தமாக மிதப்பது இந்த இரண்டு காலங்களில்தான்.

அப்படி மிதக்கும்போது, "யாரோ மருந்து கலந்துவிட்டார்கள்" என்ற பேச்சு உடனே எழும். பக்கத்துத் தோட்டக்காரருடன் மனத்தாங்கல் வரும். சில இடங்களில் காவல் நிலையம் வரை போவதும் உண்டு. பெரும்பாலும் அங்கு நடந்திருப்பது நீரில் பிராணவாயு தீர்ந்து போனதே. இரண்டையும் வேறுபடுத்தி அறிய வழி இருக்கிறது. பிராணவாயுக் குறைவால் சாகும் மீன் விடிவதற்கு முந்தைய நேரத்தில் சாகும். பெரிய மீன் முதலில் போகும். வாய் திறந்தும் செவுள் மூடி விரிந்தும் கிடக்கும். விரால், கெளுத்தி போன்ற காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் பிழைத்திருக்கும். நஞ்சு கலந்திருந்தால் நேரம் காலம் இன்றி, சிறிதும் பெரிதுமாக எல்லா மீனும் சாகும். தவளை, நத்தை, நீர்ப்பூச்சிகளும் உடன் சாகும். காவல் நிலையத்துக்குப் போகுமுன் கரையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்ப்பது நல்லது.

பிராணவாயுவை அளக்கும் கருவிக்கு விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். நீரின் வெப்பநிலையை அளப்பது எளிது. வெப்பநிலையை ஒழுங்காகக் கவனித்து வந்தால், பிராணவாயு எப்போது குறையும் என்பதைப் பெரும்பாலும் முன்னரே ஊகித்துவிடலாம். அதற்கு உதவும் கம்பியில்லா வெப்பமானி இப்போது சந்தையில் பலவிதமாகக் கிடைக்கிறது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே குட்டை நீரின் சூட்டைப் பார்க்கலாம் என்பதால் இதை வேடிக்கைப் பொருளாக வாங்குவோரும் உண்டு. முறையாகப் பயன்படுத்தினால் இது நல்ல கருவியே.

வெப்பம் மீனை எவ்வாறு பாதிக்கிறது?

மீன் குளிர் இரத்தப் பிராணி. நம்மைப் போல் உடற்சூட்டை ஒரே அளவில் வைத்துக் கொள்ள அதற்கு இயலாது. நீர் எவ்வளவு சூடோ மீனின் உடலும் அவ்வளவு சூடு. நீரின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் மீனின் உடல் இயக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதாவது மூச்சு வாங்குவதும், தீனி செரிப்பதும், கழிவு வெளியேறுவதும் இரண்டு மடங்காகும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய நம் நாட்டுப் பெருங்கெண்டைகள் 25 முதல் 32 டிகிரி சென்டிகிரேடு வரையிலான நீரில் நன்கு வளர்கின்றன. வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் சீன நாட்டிலிருந்து வந்தவை. சாதாக் கெண்டையும் குளிர்ந்த நீருக்குப் பழகியதே. 34, 35 டிகிரிக்கு மேல் நீர் போகும்போது இவையெல்லாம் தீனி எடுப்பதைக் குறைக்கும். அந்த நேரத்தில் வலை போட்டுக் கலைத்தால் வெள்ளிக் கெண்டை வலையிலேயே செத்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மீனுக்குப் பிராணவாயு அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில் சூடான நீர் அதைக் குறைவாகவே தாங்கும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்குகிறது. 30 டிகிரியில் இது 7.5 ஆகவும், 35 டிகிரியில் 6.9 ஆகவும் குறைகிறது. கெண்டை மீன்கள் நன்கு வளர லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும். ஆகவே, கோடையில் வரவுக்கும் செலவுக்கும் இடையே உள்ள மிச்சம் மிகச் சிறியது. இரவில் பாசியும் பிராணவாயுவைச் செலவிடுவதால் விடியும் நேரத்தில் அந்த மிச்சமும் கரைந்துவிடுகிறது.

அம்மோனியாவையும் சொல்ல வேண்டும். மீனின் கழிவிலும் மட்கும் தீனியிலும் இருந்து உண்டாகும் அம்மோனியா முழுவதும் நஞ்சல்ல; அதில் ஒரு பகுதியே நஞ்சாக இருக்கும். நீரின் கார அமில நிலை 8 ஆக இருக்கும்போது இந்த நச்சுப் பகுதி 25 டிகிரியில் நூற்றுக்கு 5 பங்கு. 30 டிகிரியில் 7 முதல் 8 பங்கு. 35 டிகிரியில் 10 பங்கு. பாசி மிகுந்து பச்சைப் பசேலென்று இருக்கும் குட்டையில் பிற்பகலில் கார நிலை 9 வரை ஏறும். அப்போது 30 டிகிரியிலேயே நச்சுப் பகுதி பாதியளவை நெருங்கிவிடும். சூடும் பாசியும் ஒன்று சேர்ந்தால் மீன் தாங்காது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேல் நீரும் அடி நீரும்

குட்டையின் நீர் மேலிருந்து கீழ் வரை ஒரே சூடாக இருப்பதில்லை. கோடையில் பகல் மூன்று மணிக்குக் குட்டையில் இறங்கி நின்று பார்த்தால் இடுப்பளவு நீர் சூடாகவும், கால் நிற்கும் இடம் குளிர்ச்சியாகவும் இருப்பதை யாரும் உணரலாம். சூடான நீர் இலேசானது, மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் கனமானது, அடியில் தங்கும். இரண்டும் எண்ணெயும் தண்ணீரும் போல் எளிதில் கலவாமல் நிற்கும்.

மேல் நீரில் வெயில் படுவதால் பாசி பிராணவாயுவை உண்டாக்குகிறது. அடி நீருக்கு வெயில் எட்டுவதில்லை. அங்கே சாணமும், தின்னாத புண்ணாக்கும், உதிர்ந்த இலையும் அழுகிப் பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருவது இதனால்தான்.

ஆழம் குறைந்த குட்டையில் இரவு நேரத்தில் மேல் நீர் குளிர்ந்து கீழே இறங்கும். விடிவதற்குள் மேலும் கீழும் ஒரே சூட்டுக்கு வந்து கலந்துவிடும். இப்படித் தினமும் கலந்தால் அடி நீர் கெடுவதில்லை. காற்றே இல்லாத புழுக்கமான நாட்களிலும், சுற்றிலும் உயர்ந்த கரையும் மரமும் அடைத்து நிற்கும் குட்டைகளிலும், இரண்டு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள குட்டைகளிலும் சில நாட்கள் தொடர்ந்து இந்தக் கலப்பு நடைபெறாமல் போகும். அப்போது அடி நீர் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டே வரும். மேலே நீந்தும் மீன் நலமாகத்தான் இருக்கும். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த நிலையில் ஒரு மாலை இடிமழை பெய்கிறது என்று வைத்துக் கொள்வோம். மழை நீர் குட்டையின் மேல் நீரைவிடக் குளிர்ந்தது. கனமாக இருப்பதால் நேரே அடிக்கு இறங்கும். கூடவே அடிக்கும் காற்றும் சேர்ந்து குட்டையைப் புரட்டிப் போடும். பல நாள் தேங்கிய கெட்ட நீர் ஒரே மணி நேரத்தில் குட்டை முழுதும் பரவும். மறுநாள் மேகமூட்டமாக இருந்தால் பாசியும் பிராணவாயு தராது. இதுதான் "நேற்று மழை பெய்தது, இன்று மீன் மிதக்கிறது" என்பதன் காரணம். மழை நீரில் ஏதோ நச்சு இருக்கிறது என்று சொல்லப்படுவது சரியன்று.

ஆகவே ஓர் உணர்முனை மட்டும் உள்ள வெப்பமானியைவிட, மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு உணர்முனை உள்ளதையே வாங்க வேண்டும் என்பது எமது கருத்து. மேல் நீர் 33 டிகிரி என்ற ஒரு எண் சொல்வதைவிட, மேலுக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் சொல்லும்.

கருவியின் அமைப்பு

கம்பியில்லா வெப்பமானி புதிய எண்ணமன்று. 1930-ஆம் ஆண்டு ஜனவரியில் சோவியத் நாட்டில் மொல்சனோவ் என்னும் வானிலை அறிஞர், வெப்பமானியுடன் சிறிய வானொலிக் கருவி ஒன்றையும் பலூனில் கட்டிப் பறக்கவிட்டு, மேல் வானத்தின் வெப்பத்தைத் தரையிலிருந்தபடியே அறிந்தார். நம் நாட்டு வானிலைத் துறையும் இன்று இத்தகைய பலூன்களைப் பறக்கவிடுகிறது. வானத்துக்குப் பயன்பட்ட அதே முறைதான் இப்போது குட்டைக்கு வந்திருக்கிறது.

இதில் மூன்று பகுதிகள் உள்ளன. நீரில் மூழ்கும் உணர்முனை ஒன்று. அதனுடன் கம்பியால் இணைந்த, நீருக்கு மேல் நிற்கும் அனுப்பும் பெட்டி இரண்டு. வீட்டில் வைக்கும் எண் காட்டும் பெட்டி மூன்று. பெரும்பாலான கருவிகளில் டி.எஸ்.18பி20 என்னும் சிறிய மின்னணுச் சில்லை எஃகு உறைக்குள் அடைத்து உணர்முனையாக வைத்திருக்கிறார்கள். நாம் அளக்கும் வெப்ப அளவில் அரை டிகிரிக்கு மேல் பிழை வராது. மீன் வளர்ப்புக்கு இது போதுமானது.

வாங்குமுன் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வானொலி அலை நீருக்குள் நெடுந்தூரம் செல்லாது. ஆகவே கருவி முழுவதும் நீருக்குள் மூழ்கும் என்று யாராவது விற்றால் அது வீட்டுக்குச் செய்தி அனுப்பாது. கம்பி முனை நீரிலும், பெட்டி காற்றிலும் இருக்க வேண்டும். உறையில் அச்சிட்டிருக்கும் தூரம் இடையில் ஒன்றும் இல்லாத வெட்ட வெளிக்குச் சொன்னது. தென்னந்தோப்பும், கான்கிரீட் சுவரும், மழையில் நனைந்த இலையும் குறுக்கே நின்றால் அதில் பாதி கூடக் கிடைக்காது. வாங்கும் கடையில், வேலை செய்யாவிட்டால் திருப்பித் தரலாமா என்று கேட்டுக் கொள்வது நல்லது.

கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகளும் உள்ளன. தோட்டம் ஊரிலிருந்து தொலைவில் இருந்து, அங்கே தொலைபேசி அலை தடையின்றிக் கிடைத்தால் இவை பயன்படும். வீடும் குட்டையும் ஒரே தோட்டத்தில் இருந்தால் இவை தேவையில்லை. மாதச் செலவுதான் மிஞ்சும்.

நீச்சல் குளத்துக்கென்று மிதவை வடிவில் விற்கும் கருவி மலிவாகக் கிடைக்கும். அது மேல் நீரை மட்டுமே அளக்கும். பிற்பகலில் அது காட்டும் எண்ணைக் கண்டு குட்டை முழுதும் கொதிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. சில கருவிகள் பாரன்ஹீட் அளவில் காட்டும். 77 பாரன்ஹீட் என்றால் 25 சென்டிகிரேடு. 86 என்றால் 30. 95 என்றால் 35. இந்த மூன்றையும் பெட்டியின் பின்புறம் எழுதி ஒட்டிவிட்டால் குழப்பம் இராது.

மூன்று சென்டுக்குக் குறைவான சிறு குட்டை வைத்திருப்பவருக்கு இந்தக் கருவி வேண்டாம் என்றே சொல்வோம். கண்ணாடி வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிக் காலையும் மாலையும் பார்த்தால் போதும். பாதரசம் உள்ளதைத் தவிர்த்துச் சிவப்புத் திரவம் உள்ளதை வாங்க வேண்டும். உடைந்தால் குட்டைக்குக் கெடுதல் இல்லை. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது.

பொருத்தும் முறை

குட்டையின் ஆழமான பகுதியில், மடையிலிருந்தும் ஆழ்குழாய்க் கிணற்று நீர் விழும் இடத்திலிருந்தும் விலகி, ஒரு மூங்கில் கழியை ஊன்ற வேண்டும். கழியை ஒட்டி ஓர் அங்குல பிளாஸ்டிக் குழாயைக் கட்டி, அதில் நெடுகத் துளையிட்டு, உணர்முனைக் கம்பிகளை அதனுள் இறக்க வேண்டும். நண்டும் எலியும் கம்பியைக் கடிக்காமல் குழாய் காக்கும். ஒரு முனை நீர் மட்டத்துக்கு ஓர் அடி கீழேயும், மற்றொன்று தரைக்கு ஓர் அடி மேலேயும் நிற்க வேண்டும். அடி முனை சேற்றில் புதைந்தால் சேற்றின் வெப்பத்தைத்தான் காட்டும். கோடையில் நீர் மட்டம் இறங்க இறங்க மேல் முனையையும் இறக்கி வர வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அனுப்பும் பெட்டியைக் கழியின் உச்சியில் கட்டி, அதன் மேல் மண் சட்டி ஒன்றைக் கவிழ்த்துவிட்டால் வெயிலும் மழையும் தாக்காது. இரும்புத் தகரத்தால் மூடக் கூடாது; அலையைத் தடுக்கும். பெட்டியின் வாய் கீழ் நோக்கி இருந்தால் கம்பி வழியே நீர் உள்ளே இறங்காது.

சரிபார்த்தல் எளிது. கடையில் வாங்கிய பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி ஒரு செம்பில் நிரப்பி, இடைவெளி நிரம்பும் அளவு சிறிது நீர் ஊற்ற வேண்டும். இரண்டு உணர்முனைகளையும் அதில் வைத்துக் கிளறிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எண் பூச்சியம் காட்ட வேண்டும். ஒன்று அரை டிகிரி கூட்டிக் காட்டினால் அதைக் குறித்துக் கொண்டு பின்னர் கழித்துக் கொள்ளலாம். இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பது மிக முக்கியம். நமக்கு வேண்டியது வித்தியாசம் அல்லவா? ஆண்டுக்கு ஒரு முறை, தைப் பொங்கலுக்குப் பின் இதைச் செய்தால் கோடைக்குத் தயாராகிவிடலாம்.

எண்களைப் படிப்பது எப்படி?

நாள்தோறும் காலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இரண்டு எண்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். வானம் தெளிவா, மேகமா, காற்று உண்டா என்பதையும் ஒரு சொல்லில் குறிக்கலாம். ஒரு மாதம் எழுதினாலே தம் குட்டையின் குணம் தெரிந்துவிடும். ஒரு குட்டைக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

எடுத்துக்காட்டாக, பிற்பகலில் மேலே 34, அடியில் 30 என்றும், மறுநாள் காலை இரண்டும் 30 என்றும் வந்தால் குட்டை இரவில் ஒழுங்காகக் கலக்கிறது என்று பொருள். எண் சற்று உயர்வாக இருந்தாலும் அச்சப்பட வேண்டியதில்லை. மூன்று, நான்கு நாட்கள் தொடர்ந்து காலையிலும் மேலே 32, அடியில் 29 என்று வித்தியாசம் நின்றுவிட்டால் கவனிக்க வேண்டும். அடி நீர் கெட்டு வருகிறது. இந்த நிலையில் ஒரு மாலை இடிமழை பெய்து, இரண்டு எண்களும் திடீரென்று ஒன்றாகிவிட்டால் அந்த இரவு தூங்கக் கூடாது. சூடு குறைந்துவிட்டது என்று மனம் நிம்மதி அடையும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. பெரும்பாலான கருவிகளில் சூடு கூடினால் ஒலிக்கும் மணி உண்டு. இரு எண்களும் நெருங்கினால் ஒலிக்கும் மணி அபூர்வம். அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வித்தியாசம் நிற்கத் தொடங்கிய உடனே செய்ய வேண்டியது, குட்டையை வெயில் நேரத்தில் கலக்குவது. பகல் 11 மணி முதல் 2 மணிக்குள் மேல் நீரில் பிராணவாயு நிறைந்திருக்கும். அப்போது இருவர் இரு கரையிலும் நின்று, செங்கல் கட்டிய கயிற்றை அடி வழியே மெதுவாக இழுத்துச் செல்லலாம். மோட்டார் உள்ளவர்கள் அடி நீரை உறிஞ்சி அதே குட்டையின் மேல் பீய்ச்சலாம். ஒரே நாளில் முழுவதையும் கலக்காமல், இரண்டு மூன்று நாட்களில் பகுதி பகுதியாகச் செய்வது நல்லது. இதே வேலையை நள்ளிரவில் செய்தால் நாமே மீனைக் கொன்றதாகும். அப்போது மேல் நீரிலும் பிராணவாயு இருப்பு இராது.

மழைக்குப் பின் எண்கள் ஒன்றான இரவில் தீனி, சாணம் எதுவும் போடக் கூடாது. பின்னிரவு 2 மணி முதல் வெயில் ஏறும் வரை ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பீய்ச்ச வேண்டும். மும்முனை மின்சாரம் அந்த நேரத்தில் தடையின்றிக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத இடங்களில் எண்ணெய் எஞ்சினைத் தயாராக வைத்துக் கொள்ளலாம். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பிராணவாயு மிகவும் குறைவு. குழாயை நீருக்குள் விட்டுவிட்டால் பயனில்லை. துளையிட்ட குழாய் வழியாகவோ, சாய்த்து வைத்த பலகை மீதோ விழச் செய்து, நீர் சிதறிக் காற்றோடு கலந்து குட்டையில் சேர வேண்டும்.

இந்த நீரை விட்டால் குட்டை குளிர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் பார்ப்போம். 10 சென்ட் குட்டையில் ஐந்து அடி நீர் நின்றால் ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர். அது 34 டிகிரியில் இருக்கும்போது 28 டிகிரி நீரை 60,000 லிட்டர் விட்டாலும் குறைவது அரை டிகிரிதான். அந்தக் குட்டையை ஒரு டிகிரி சூடேற்ற மின்சாரத்தால் முயன்றால் 700 யூனிட் செலவாகும். சூரியன் அதைக் காசில்லாமல் செய்துவிட்டுப் போகிறது. அதனோடு மோட்டாரை வைத்துப் போட்டியிடுவது வீண் வேலை. சூட்டைக் குறைக்க நிழலும் ஆழமுமே வழி. குட்டையின் மேற்குப் பக்கம் மூங்கில் பந்தல் போட்டுப் புடலை, பாகல் படரவிடலாம். பிற்பகல் வெயிலை அது தாங்கும். பந்தல் குட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடக் கூடாது. பாசிக்கு வெயில் வேண்டும். ஒரு மூலையில் ஆறு, ஏழு அடிக்குப் பள்ளம் எடுத்திருந்தால் நீர் வற்றும் காலத்தில் மீன் அங்கே ஒதுங்கும். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில் தென்னைகளை இழந்த தோட்டங்களில் குட்டைகளுக்கு இருந்த நிழலும் போயிற்று. அங்கெல்லாம் புதிய கன்றுகள் வளரும் வரை பந்தல் அவசியம்.

தீனியையும் எண்ணைப் பார்த்தே போட வேண்டும். 300 மீன்கள் சராசரி 300 கிராம் எடையில் இருந்தால் மொத்தம் 90 கிலோ. அதில் நூற்றுக்கு 2 பங்கு, அதாவது 1.8 கிலோ தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்ந்த தீனி ஒரு நாளைக்குப் போதும். காலை நீர் 32 டிகிரிக்கு மேல் நின்றால் இதைப் பாதியாக்க வேண்டும். பிற்பகலில் 35-ஐத் தாண்டும் நாட்களில் மாலைத் தீனியை நிறுத்திவிட்டு, வெயில் ஏறிய பின் காலை 8 மணிக்குமேல் மட்டும் போடலாம். மீன் பட்டினியால் இரண்டு நாளில் சாகாது. தின்னாத புண்ணாக்கு அழுகினால் ஒரே இரவில் சாகும்.

வெப்பமானி பிராணவாயுவை அளப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. கையை முழங்கை வரை நீரில் விட்டு உள்ளங்கையைப் பார்ப்பதும் உடன் நடக்க வேண்டும். முழங்கை மூழ்குமுன் பாதியிலேயே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிகுதி. சாணம் இடுவதை உடனே நிறுத்த வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், கருவி என்ன காட்டினாலும் மோட்டாரைப் போட வேண்டும்.

குஞ்சு விடும்போதும் குளிர் மாதங்களிலும்

பலர் குஞ்சு விடும் நாளில் வெப்பமானியைப் பயன்படுத்துவதே இல்லை. தஞ்சைப் பகுதியிலிருந்து பிராணவாயு அடைத்த பையில் வரும் குஞ்சு, பேருந்தின் கூரையிலோ வண்டியிலோ சூடேறியோ, இரவுப் பயணத்தில் குளிர்ந்தோ வந்து சேரும். பையின் நீருக்கும் குட்டை நீருக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கையில் அப்படியே கொட்டினால் குஞ்சு அதிர்ச்சி அடையும். அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாட்களில் எண்ணிக்கை குறையும். குஞ்சு சரியில்லை என்று விற்றவரைக் குறை சொல்வதில் பயன் இல்லை. பையை அவிழ்க்காமல் 20 நிமிடம் குட்டையில் மிதக்கவிட்டு, பின் வாயைத் திறந்து உணர்முனையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் 2 டிகிரிக்குள் வந்ததும் குட்டை நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, குஞ்சு தானாக வெளியே நீந்தும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். மாலை நேரமே ஏற்றது.

மார்கழி, தை மாதங்களில் கவனிக்க வேண்டியது வேறு. அடை மழைக்குப் பின் காலை நீர் 22, 23 டிகிரிக்கு இறங்கும் நாட்களில் மீனின் செரிமானம் மந்தமாகும். தீனியை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். புண் நோய் என்னும் அழுகல் நோய் தலைகாட்டுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். 1988-ஆம் ஆண்டில் வடகிழக்கு மாநிலங்களில் முதலில் காணப்பட்டுப் பின் நாடெங்கும் பரவிய இந்நோய்க்குக் காரணமான பூஞ்சை போன்ற கிருமி குளிர்ந்த நீரில் நன்கு பெருகுகிறது. விரால், கெண்டைக் குஞ்சு, கண்மாயிலிருந்து மழை நீரோடு ஏறி வரும் சில்லறை மீன்கள் ஆகியவற்றில் முதலில் சிவந்த புள்ளியாகத் தோன்றும். காலை எண் 25-க்குக் கீழ் இறங்கத் தொடங்கியதுமே வாரம் ஒரு முறை சில மீன்களைப் பிடித்து உடலைப் பார்க்க வேண்டும். வெளி நீர் குட்டைக்குள் வராதபடி வரத்து வாயில் சல்லடை கட்டலாம். சென்டுக்கு 800 கிராம் சுண்ணாம்பை நீரில் கரைத்து ஆறவைத்துக் காலை நேரத்தில் தெளிக்கலாம். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பகுதிகளில் செம்புரை மண்ணில் வெட்டிய குட்டைகளில் நீர் இயல்பாகவே சற்று அமிலத் தன்மை கொண்டிருப்பதால் அங்கு இது இரட்டிப்புப் பயன் தரும். புண் பெரிதாகி மீன் சாகத் தொடங்கினால், காலை நேர நீரின் வெப்பநிலையை எழுதி வைத்த நோட்டையும், ஈரத் துணியில் சுற்றிய இரண்டு மீன்களையும் எடுத்துக் கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ, வம்பன் வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கோ அன்றைக்கே செல்ல வேண்டும். செத்து ஊறிய மீனைக் கொண்டு போனால் நோயைக் கண்டறிய இயலாது.